முப்பத்தேழாம் நம்பர் தபால் பெட்டி

இப்படி வந்து உட்காருங்க தம்பி. அந்தப் பெஞ்சுல பதினோரு மணிக்கு மேல வெயில் வந்துரும். ஆறு வருசத்துக்கு முன்னாடி நாள் கணக்கா இங்கயே கிடந்தவன், எனக்கு இந்த இடமெல்லாம் அத்துப்படி. டோக்கன் என்ன நம்பர் உங்களுக்கு? அப்ப இன்னும் நேரம் இருக்கு. வீட்டுல உள்ள இருக்காங்களா? என்னைக்கு ஆபரேஷன் ஆச்சு? போன வியாழக்கிழமையா. சரி. சரி.

எங்க வீட்டுலயும் உள்ளதான் இருக்கா. செக்கப்புதான். இப்ப ஒண்ணும் இல்ல, ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்து காட்டிட்டுப் போகணும். நான் உள்ள போறதில்ல, பழக்கம் இல்ல. எப்பவும் போஸ்ட் ஆபீஸ் ஹெலன் அம்மாகூட வருவா. அந்தம்மாவுக்கு இப்ப டிரான்ஸ்பர் ஆயிருச்சு. அதனால இன்னைக்கு நான் வரட்டுமான்னு கேட்டேன். பஸ் எல்லாருக்கும் பொதுதானேன்னா. அவ முன்னாடி லேடீஸ் சீட்டுல உட்கார்ந்து வந்தா, நான் பின்னாடி நின்னுக்கிட்டு வந்தேன்.

என் பேரு பால்ச்சாமி. கரண்ட் ஆபீஸ்ல வயர்மேனா இருந்து போன வருசம் ரிட்டயர்டு ஆனேன். பூவணின்னு ஒரு ஊரு, இங்கிருந்து ரெண்டு பஸ் மாறணும். அவ பேரு திலகவதி. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளர். பிள்ளைங்க சத்துணவு டீச்சர்னு கூப்பிடும். எங்களுக்குப் பிள்ளை இல்ல.

ஒண்ணு சொல்றேன் தம்பி, அவளுக்கு நான் எதுலயும் குறை வச்சதில்ல. கட்டின்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே லீவு எழுதிக் குடுத்தேன். இன்சூரன்ஸ் அட்டைக்கு நான்தான் அலைஞ்சேன். ரத்தத்துக்கு எங்க ஆபீஸ்ல இருந்து நாலு பேரை நான்தான் கூட்டிட்டு வந்தேன். இவங்க நீட்டின தாள்ல எல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் அன்னைக்கு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இதே வராந்தாதான். பச்சைத் தண்ணி குடிக்கல.

நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ, கட்டு மாத்துறப்ப நர்சம்மா ஒண்ணு வெளிய வந்துச்சு. வீட்டுக்காரர் யாரு, உள்ள வந்து பாத்துக்கோங்க, வீட்டுக்குப் போனா நீங்கதான் மாத்தி விடணும்னு சொல்லுச்சு. நான் என் கொழுந்தியாளை அனுப்பி வச்சேன். அவளோட தங்கச்சி. பொம்பளைக்குப் பொம்பளைன்னா கூச்சம் இருக்காதுல்ல. அந்த நர்சம்மா என்னையவே கொஞ்ச நேரம் பாத்துட்டு உள்ள போச்சு. அது சின்னப் பொண்ணு, கல்யாணம்கூட ஆகியிருக்காது. அதுக்கு என்ன தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குன்னு தனியா ஒரு கட்டில் வாங்கிப் போட்டேன். உள் ரூம்ல புது ஃபேன், என் கையாலயே மாட்டினேன். நான் முன் ரூமுக்கு வந்துட்டேன். தூக்கத்துல என் கை கால் பட்டுட்டா வலிக்கும்ல. மூணு மாசம் இருக்கும், ஒரு நாள் சோறு போடுறப்ப சொன்னா, இப்ப வலியே இல்லைங்கன்னு. நல்லதுன்னேன். வேற என்ன சொல்ல? அப்புறம் முன் ரூமே பழகிருச்சு.

கடுகு விசயம் ஒண்ணு இருக்கு, சொன்னா சிரிப்பீங்க. அவ திரும்ப வேலைக்குப் போக ஆரம்பிச்ச சமயம், வீட்டுல கடுகு டப்பா அடிக்கடி காலியாச்சு. ரெண்டு பேர் சமையலுக்கு எவ்வளவு கடுகு ஆகும்? பலசரக்குக் கடைக்காரர் என்னைப் பிடிச்சுக் கேக்குறார், என்ன சார் வீட்டுல ஊறுகாய் போட்டு விக்கிறீங்களான்னு. நான் அவகிட்ட சத்தம் போடல. கடுகை என்ன பண்றேன்னு மட்டும் கேட்டேன். புழு வச்சிருச்சு, கொட்டிட்டேன்னு சொன்னா. கடுகுல புழு வைக்குமா தம்பி? பொய்னு தெரியும். கடுகுக்குப் போய்ச் சண்டை போடுறதான்னு விட்டுட்டேன். கொல்லையில கொடியில சின்னச் சின்னத் துணிப்பை காயும், உள்ளங்கை அளவுக்கு. அதையும் பாத்தேன். ஊக்கு ஊசி போட்டு வைக்கத் தைக்கிறா போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குச் சேலையை நல்லா இழுத்து, ரெண்டு மூணு ஊக்குக் குத்திக்கிட்டுப் போவா. பாத்தா ஆபரேஷன் பண்ண ஆள்னே தெரியாது. டாக்டருங்க ஏதோ பண்ணி விட்டுருக்காங்கன்னு நினைச்சேன். இதெல்லாம் போய் எப்படிக் கேக்குறது?

இப்ப போஸ்ட் ஆபீஸ் விசயத்துக்கு வர்றேன்.

எங்க ஊருக்கு வர்ற தபாலை போஸ்ட்மேன் மாரிக்கண்ணு டீக்கடையிலேயே வச்சு என் கையில குடுத்துருவார். இருபது வருசப் பழக்கம். கல்யாணப் பத்திரிகை, இன்சூரன்ஸ் நோட்டீஸ், அவளுக்கு அவ தங்கச்சி எழுதுற கடுதாசி, எதுவா இருந்தாலும் நான் பிரிச்சுப் பாத்ததுக்கு அப்புறம்தான் வீட்டுக்குப் போகும். அதுல தப்பா ஒண்ணும் இல்ல. வீடுன்னா அப்படித்தானே.

ஊருக்கு ரெண்டு மைல்ல, மெயின் ரோட்டுல இருந்து ஊர்ப் பாதை பிரியிற இடம், பூவணி விலக்கு. அங்கதான் போஸ்ட் ஆபீஸ். உள்ள நுழைஞ்சதும் இடது பக்கச் சுவத்துல வரிசையா சின்னச் சின்ன இரும்புப் பெட்டி இருக்கும், நம்பர் போட்டு, பூட்டோட. முன்னாடி பருத்தி வியாபாரிங்க, கமிஷன் கடைக்காரங்க எல்லாம் வாடகைக்கு எடுத்து வச்சிருந்தாங்க. பெட்டி எடுத்துட்டா தபால் வீட்டுக்கு வராது, அந்தப் பெட்டிக்குத்தான் போகும். நாமளே போய்த் திறந்து எடுத்துக்கலாம். பெட்டிக்குள்ள அடங்காத பார்சல்னா ஒரு சீட்டு போட்டு வச்சிருப்பாங்க, அதைக் கவுண்ட்டர்ல காட்டி வாங்கிக்கணும். இப்ப யாரும் எடுக்குறதில்ல. எல்லாப் பெட்டியும் ஒட்டடை அடைஞ்சு கிடக்கும். முப்பத்தேழாம் நம்பர் மட்டும் துடைச்சு வச்ச மாதிரி இருக்கும். வோல்ட்டேஜ் பாக்கப் போறப்ப நானே எத்தனையோ தடவை பாத்திருக்கேன். அது என் வீட்டுக்காரியோட பெட்டின்னு ஒரு வருசமா எனக்குத் தெரியாது தம்பி.

மாரிக்கண்ணுதான் சொன்னார். டீக்கடையில நாலு பேரு இருக்காங்க, அப்ப கேக்குறார், என்ன சார், டீச்சர் தனியா பெட்டி எடுத்திருக்காங்க, வெளிநாட்டுல இருந்தெல்லாம் பார்சல் வருதுன்னு. சமாளிச்சேன். ஆமா, நான்தான் எடுக்கச் சொன்னேன்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சேன். அந்த டீ சூடா இருந்துச்சா, ஆறிப் போச்சான்னுகூடத் தெரியல.

வீட்டுக்கு வந்து அவ சாவிக்கொத்தைப் பாத்தேன். பீரோ சாவி, பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூம் சாவி, அதுக்கு நடுவுல சின்னதா ஒரு சாவி. இது எதுக்குன்னு கேட்டேன். ஸ்டோர் ரூம்ல எண்ணெய் வைக்கிற அலமாரிக்குன்னு சொன்னா. அதோட விட்டுட்டேன். நான் சந்தேகப்படுற ஆள் இல்ல தம்பி. ஆனா மனசு சும்மா இருக்குமா? சீட்டு ஏதாவது போடுறாளா, யாராவது அவளை ஏமாத்துறாங்களா, வெளிநாட்டுல யாரு இருக்கா இவளுக்கு, இப்படித்தான் ஓடுச்சு. அவ பத்தாங்கிளாஸ் படிக்கிறப்ப கூடப் படிச்ச ஒருத்தன் துபாய்ல இருக்கான்னு கொழுந்தியா என்னைக்கோ சொன்னது ஞாபகம் வந்துச்சு. கேட்டிருக்கலாம். கேக்கல. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ரெண்டு மூணு மாசம், அவ சனிக்கிழமை சனிக்கிழமை விலக்குக்குப் போறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

அந்த வருசம் ஐப்பசியில ஊர் முழுக்க மூட்டுக்காய்ச்சல். அவளும் படுத்துட்டா, எந்திரிச்சு நிக்க முடியல. ஒரு சனிக்கிழமை காலையில போஸ்ட் ஆபீஸ்ல கரண்ட் இல்லைன்னு போன் வந்துச்சு. போய்ப் பாத்தா ஃபியூஸ்தான். போட்டு விட்டுட்டு இறங்குறேன், போஸ்ட் மாஸ்டர் கூப்பிட்டார். புதுசா வந்தவர். வழக்கமா கவுண்ட்டர்ல இருக்குற ஹெலன் அம்மா அன்னைக்கு லீவு. அவர் சொல்றார், சார், உங்க மிசஸ் பேருக்கு ஹாங்காங்ல இருந்து பார்சல் வந்து ஒரு வாரமா கிடக்கு, சீட்டு போட்டும் வரல, நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போறீங்களான்னு. வேற ஆளா இருந்தா குடுத்திருக்க மாட்டார். நான் வயர்மேன், அவர் குவார்ட்டர்ஸுக்கு மோட்டார் லைன் இழுத்துக் குடுத்தவன்.

கையெழுத்துப் போட்டேன். ஒரு அட்டைப்பெட்டி, இவ்வளவுதான் இருக்கும். மேல பச்சைச் சீட்டு ஒட்டி இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருந்துச்சு. அப்படியே வீட்டுக்குக் கொண்டு போயிருக்கணும். சனிக்கிழமை, நூறு நாள் வேலைச் சம்பளம் எடுக்க எங்க ஊர்ப் பொம்பளைங்க பத்துப் பதினஞ்சு பேரு பெஞ்சுலயும் தரையிலயும் உட்கார்ந்திருக்காங்க. எல்லாரும் என்னையே பாக்குற மாதிரி இருந்துச்சு. இவங்க எல்லாருக்கும் ஏதோ தெரியும், எனக்குத்தான் தெரியலன்னு தோணுச்சு. இடுப்புல கட்டிங் பிளேயர் இருந்துச்சு. கவுண்ட்டர்லயே வச்சு டேப்பை வெட்டிட்டேன்.

உள்ள ஒரு டப்பா. டப்பாவுக்குள்ள மெத்துன்னு ஸ்பாஞ்சு. அதுக்குள்ள இருந்ததை என்னன்னு தெரியாமத்தான் தம்பி கையில எடுத்தேன். கனமா இருந்துச்சு. குளிர்ச்சியா, வழவழன்னு இருந்துச்சு. மாநிறம். கவுண்ட்டர் மேல வச்சேன், அது லேசா ஆடுச்சு.

எனக்குப் புரியுறதுக்கு முன்னாடியே அங்க இருந்த பொம்பளைங்களுக்குப் புரிஞ்சிருச்சு. ஒருத்தியும் சிரிக்கல. அதான் எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கு. ஒருத்தி சிரிச்சிருந்தாக்கூட நான் கோவப்பட்டிருப்பேன். கீழத்தெரு காளியம்மான்னு ஒரு பொம்பளை எந்திரிச்சு வந்து, தலையில கட்டியிருந்த துண்டை அவுத்து அது மேல போட்டு மூடிட்டு, திரும்பப் போய்த் தரையில உட்கார்ந்துக்கிட்டா.

நான் போஸ்ட் மாஸ்டர்கிட்ட சொன்னேன்: "இது எங்க வீட்டுக்கு வந்தது இல்ல. தப்பா வந்திருக்கு. திருப்பி அனுப்பிருங்க."

அவர் விலாசத்தைப் பாத்தார், என்னைப் பாத்தார். பிரிச்ச பார்சலைத் திருப்பக் கூடாதே சார்னு மெதுவாச் சொன்னார். எனக்காகப் பண்ணுங்கன்னேன். பண்ணினார். திரும்ப டேப் ஒட்டி, வாங்க மறுப்புன்னு எழுதி, என் கையெழுத்தை வாங்கிக்கிட்டார். காளியம்மா துண்டை யாரு எடுத்துக் குடுத்தாங்கன்னு ஞாபகம் இல்ல. நான் டிவிஎஸ்ஸை எடுத்துக்கிட்டு அடுத்த கம்ப்ளைண்டுக்குப் போயிட்டேன். அன்னைக்கு ரெண்டு இடத்துல லைன் அறுந்து கிடந்துச்சு, நிறைய வேலை.

வீட்டுக்கு வந்து அவளுக்குக் கஞ்சி வச்சுக் குடுத்தேன். மாத்திரை எடுத்துக் குடுத்தேன். ஒண்ணும் சொல்லல. எனக்கு அப்ப கோவமும் இல்ல, வருத்தமும் இல்ல. கால் மரத்துப் போனா எப்படி இருக்கும், ஊன்றிப் பாத்தாலும் தரை தெரியாதுல்ல, அந்த மாதிரி இருந்துச்சு.

அவளுக்குத் தெரியாம இருக்குமா? காய்ச்சல் விட்டு எந்திரிச்சு, மறுவாரம் விலக்குக்குப் போயிட்டு வந்தா. நான் வாசல்ல உட்கார்ந்து டெஸ்டர் ஒண்ணை ரிப்பேர் பாத்துக்கிட்டிருந்தேன். பக்கத்துல வந்து நின்னா.

"திருப்பி அனுப்பிட்டீங்களா?"

"ஆமா."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நிறம் சரியா இருந்துச்சா?"

இருந்துச்சுன்னு சொன்னேன். சரின்னுட்டு உள்ள போயிட்டா. அழுவான்னு பாத்தேன். அழல. அரிசி களைஞ்சு உலையில போட்டா. ராத்திரி ரசம் வச்சிருந்தா, நல்லா இருந்துச்சு.

மறுநாள் காலையில பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வந்தா பாருங்க. சேலையை எப்பவும்போலக் கட்டியிருக்கா, ஆனா உள்ள ஒண்ணும் வச்சுக்கல. ஒரு பக்கம் தட்டையா இருக்கு. ஊக்கு ஒண்ணே ஒண்ணு, தோள்ல. இழுத்து மூடவும் இல்ல. அப்படியே தெருவுல இறங்கி நடந்து போனா. ஆலமரத்து ஸ்டாப்புல அத்தனை ஆம்பளைங்க நிக்கிறாங்க. எனக்கு உடம்பு கூசிப் போச்சு. அவ பாட்டுக்குப் போறா.

ஒரு வாரம் பொறுத்துப் பாத்தேன். அப்புறம் சொன்னேன், மேல ஒரு துண்டாவது போத்திக்கிட்டுப் போயேன்னு. கோவமாச் சொல்லல, தன்மையாத்தான் சொன்னேன்.

"தெரியாதவங்க யாருங்க இருக்கா இப்ப?"ன்னு கேட்டா.

அவ்வளவுதான். அன்னைக்கு இருந்து அப்படித்தான் போறா. சந்தைக்கு, கல்யாணத்துக்கு, கலெக்டர் வந்த விழாவுக்கு, எல்லாத்துக்கும். ஊர்ல ஆரம்பத்துல பாத்தாங்க, அப்புறம் பாக்குறதை விட்டுட்டாங்க. நான்தான் இன்னும் தலையைக் குனிஞ்சுக்கிறேன். காளியம்மா ஒரு நாள் வீட்டுக்கு வந்து, உள் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க. அடுத்த வாரம் காளியம்மாவைக் கூட்டிக்கிட்டு இதே ஆஸ்பத்திரிக்கு வந்தா. அப்புறம் வேற ஒருத்தி. அப்புறம் பக்கத்து ஊர்ல இருந்து ஒருத்தி. என்ன ஏதுன்னு நான் கேட்டுக்கல. நமக்கு எதுக்கு.

நான் ஒண்ணும் கல்லு இல்ல தம்பி. அஞ்சாறு மாசம் கழிச்சு, நம்மதானே திருப்பி அனுப்பினோம், நம்மளே இன்னொண்ணு வாங்கிக் குடுத்துருவோம்னு தோணுச்சு. ஹெலன் அம்மாகிட்டப் போனேன். மத்தியானம் சாப்பாட்டு நேரம், கூட்டம் இல்ல. விசயத்தைச் சொன்னேன். அந்தம்மா டிபன் பாக்ஸை மூடி வச்சுட்டு, என்னை நிக்க வச்சே எல்லாத்தையும் சொல்லுச்சு.

அப்பத்தான் தெரியும் எனக்கு. அந்தக் கடுகு. துணிப்பையில கடுகை ரொப்பி, கனத்துக்காக, அதைத்தான் உள்ள வச்சுக்கிட்டுப் போயிருக்கா. வேர்வையில கடுகு முளை விட்டுருமாம், வாரத்துக்கு ஒரு தடவை மாத்தணுமாம். ஒரு நாள் பள்ளிக்கூடத்துல குனிஞ்சு அரிசி அளக்குறப்ப பை பிரிஞ்சு, பிள்ளைங்க முன்னாடி சேலைக்குள்ள இருந்து கடுகு கொட்டியிருக்கு. டீச்சர் டீச்சர், கடுகு சிந்துதுன்னு பிள்ளைங்க பொறுக்கிப் பொறுக்கிக் குடுத்திருக்கு. அன்னைக்கு சாயங்காலம் மணியார்டர் அனுப்பப் போன இடத்துல, ஹெலன் அம்மாகிட்ட சொல்லி அழுதிருக்கா. அதுக்குன்னே செஞ்சு விக்கிறது இருக்குன்னு கேள்விப்பட்டு மதுரையில ஒரு கடையில போய்க் கேட்டிருக்கா, கடையில இருந்தவன் நாலு பேருக்குக் கேக்குற மாதிரி அளவு கேட்டிருக்கான், திரும்பி வந்துட்டா. அதுக்கப்புறம்தான் ஹெலன் அம்மா செல்போன்ல வெளிநாட்டுக் கடை ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, தன்னோட கார்டுல வாங்கிக் குடுத்திருக்கு. மாரிக்கண்ணு கைக்குப் போனா என் கைக்கு வரும், டீக்கடையில பிரிப்பேன்னுதான் பெட்டி. அதை அந்தம்மா என் முகத்துக்கு நேராவே சொல்லுச்சு.

முதல்ல வந்தது வெள்ளைக்காரங்க நிறத்துல வந்துருச்சாம், அதுவும் பக்கம் மாறி. அதைத் திருப்பவும் வழியில்லாம, கறுப்புத் துணி சுத்தி ஒரு வருசம் அதையே வச்சுக்கிட்டு இருந்திருக்கா. விளிம்பு குத்திக் குத்திப் புண்ணாகியிருக்கு. ரெண்டாவது ரெண்டு மாசம் காத்துக் கிடந்து வந்தது. அதைத்தான் நான்.

இதையெல்லாம் என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல தம்பி? வெளி ஆளுகிட்டச் சொல்லத் தெரிஞ்சவளுக்கு வீட்டுல ஒருத்தன் இருக்குறது தெரியாதா? அந்தக் கேள்வியை ஹெலன் அம்மாகிட்டயே கேட்டேன். அந்தம்மா செல்போனை எடுத்து அந்தக் கடையைத் திறந்துச்சு.

"இடது மார்பா, வலது மார்பா சார்?"

அந்த வார்த்தையை அந்தம்மா அவ்வளவு சாதாரணமாச் சொன்னதுல நான் ஆடிப் போயிட்டேன். அப்புறம்தான் கேள்வி மண்டையில ஏறுச்சு. யோசிச்சேன். ஆபரேஷன் தாள்ல கையெழுத்துப் போட்டது நான். தினமும் ஒரு பக்கம் தட்டையா வாசல்ல இறங்கிப் போறதைப் பாக்குறது நான். நான் பாக்குறேனா, குனிஞ்சுக்கிறேனா? அவ எனக்கு எதிர்ல நிக்கிற மாதிரி நினைச்சுப் பாத்தேன், வலதுன்னு வந்துச்சு. முதுகு காட்டி நிக்கிற மாதிரி நினைச்சுப் பாத்தேன், பிடிபடல. ஹெலன் அம்மாவே இடதுன்னு சொல்லிட்டு அமுக்கிருச்சு. அளவும் அதுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நிறமும்.

ரெண்டரை மாசம் கழிச்சு வந்துச்சு, முப்பத்தேழாம் நம்பருக்கே. ஹெலன் அம்மா எனக்குப் போன் பண்ணுச்சு. இந்தத் தடவை நான் பிரிக்கல தம்பி. அப்படியே கொண்டு வந்து அவ கட்டில் மேல வச்சேன். உனக்குத்தான்னு சொன்னேன். பாத்தா. எடுத்து பீரோ மேல வச்சுட்டா. டேப்பைக்கூடப் பிரிக்கல. மூணு வருசம் அப்படியே இருந்துச்சு. தூசி தட்டுவா, அதை எடுத்துத் துடைப்பா, திரும்ப வைப்பா. நான் உள் ரூமுக்குப் போறப்பல்லாம் அந்தப் பச்சைச் சீட்டு கண்ணுல படும். ஏன் பிரிக்கலன்னு கேக்கலாம்னு நினைப்பேன். கேட்டா ஏதாவது சொல்லிருவா. அதுக்குப் பேசாம இருக்குறதே தேவலைன்னு இருந்துட்டேன்.

நீங்க எங்க வேலை பாக்குறீங்க தம்பி? ஸ்பின்னிங் மில்லா. நல்லது. ஷிப்டு மாத்திக் குடுப்பாங்களா? கேட்டு வாங்கிக்கோங்க.

இந்த மாசி மாசம் ஹெலன் அம்மாவுக்கு டிரான்ஸ்பர் வந்துச்சு, ராஜபாளையம் பக்கம். அந்த வாரத்துல மாரிக்கண்ணு டீக்கடையில என் கையில ஒரு பார்சல் குடுத்தார். பிளாஸ்டிக் கவர், கனமே இல்ல. வெளிநாட்டு ஸ்டாம்பு. அவ பேரு, எங்க வீட்டு விலாசம். எனக்கு ஒண்ணும் புரியல. கவரைத் திருப்பிக்கூடப் பாக்காம வீட்டுக்குக் கொண்டு வந்து குடுத்தேன். பெட்டியை விட்டுட்டியான்னு கேட்டேன். இந்த வருசம் வாடகை கட்டலைங்கன்னு சொன்னா. ஏன்னு கேக்கல. பீரோ மேல பாத்தேன். அந்தப் பெட்டி இருந்த இடத்துல, தூசி படியாம சதுரமா ஒரு தடம் மட்டும் இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஹெலன் அம்மாவுக்குப் பிரிவு உபசார விழா, போஸ்ட் ஆபீஸ்லயே. நான் முன் ரூம்ல பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். எட்டு மணி இருக்கும். உள் ரூம் கதவு திறந்துச்சு. அவ வந்து எனக்கு முதுகு காட்டி நின்னா. சேலையை முன்னாடி சுருட்டிப் பிடிச்சிருக்கா. அந்தக் கவர்ல வந்தது உள்பாடி போல, அதை வச்சுக்கிறதுக்குன்னே பை வச்சுத் தைச்சது. அதைப் போட்டிருக்கா. பின்னாடி திறந்து கிடக்கு. ஆபரேஷன் பண்ணதுல இருந்து அவளுக்கு அந்தப் பக்கத்துக் கை பின்னாடி எட்டாது, வீங்கிரும். இதையும் ஹெலன் அம்மாதான் அன்னைக்குச் சொல்லியிருந்துச்சு.

"கொக்கி எட்டலைங்க. மாட்டி விடுங்க."

நான் முப்பது வருசம் கரண்ட் கம்பத்துல ஏறினவன் தம்பி. லைன்ல கரண்ட் இருக்கப்பவே கட்டையால விலக்கி வேலை பாத்திருக்கேன். பேப்பரைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சுப் போனேன். பின்னாடி நின்னேன். கண்ணை மூடிக்கிட்டேன். ஏன் மூடினேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. மூணு கொக்கி. தடவித் தடவிப் பிடிக்கிறேன், துணி நழுவுது. முதல் கொக்கி மாட்டின மாதிரி இருக்கும், விட்டா கழண்டுரும். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. அவ அசையாம நிக்கிறா. திரும்பிக்கூடப் பாக்கல. எப்படித் தெரிஞ்சுச்சோ அவளுக்கு.

"கண்ணைத் திறங்க. இது முதுகுதாங்க"ன்னு சொன்னா.

திறந்தேன். முதுகுதான் தம்பி. வலது தோளுக்குக் கீழ ஒரு மச்சம், கல்யாணமான புதுசுல பாத்தது, அங்கேயேதான் இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் தோணல. அழுகை வரும்னு நினைச்சேன், வரல. மூணு கொக்கியையும் மாட்டினேன். சரியா இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னு சொன்னா. உள்ள போய்ச் சேலையைக் கட்டிக்கிட்டு, குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா.

அது ஒரு நாள்தான். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு எப்பவும்போலத்தான் போனா, ஒரு ஊக்கு, தட்டையா. இன்னைக்கும் அப்படித்தான் வந்திருக்கா, வெளிய வந்தா நீங்களே பாப்பீங்க.

ஆனா ஒண்ணு. நான் இப்ப காலையில டீக்கடைக்குப் போறதில்ல. எட்டு, எட்டரை வரைக்கும் பேப்பரை வச்சுக்கிட்டு முன் ரூம்லயே உட்கார்ந்திருக்கேன். ரெண்டு மாசம் ஆச்சு. இன்னும் கூப்பிடல.